உருகி: முதலும் சினையும்

மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில், மழைக்கால இரவில், ஒரு வீட்டின் விளக்குகள் திடீரென அணைந்துவிட்டன என்று கொள்வோம். வீட்டுக்காரர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்குத் தொலைபேசியில், "பீஸ் போய்விட்டது" என்று தெரிவிக்கிறார். அலுவலகத்தில் இருப்பவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். கூறியவரும் கேட்டவரும் ஒரே சொல்லையே ஆண்டனர். ஆயினும் இருவர் மனத்திலும் தோன்றிய பொருள் ஒன்றன்று. கூறியவர் தம் வீட்டு மின்பலகையில் எரிந்துபோன மெல்லிய கம்பியை எண்ணினார். கேட்டவரோ தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியோடு சேர்ந்த உருகியை எண்ணினார். பணியாளர் மழையில் மின்மாற்றிவரை சென்று, அங்குக் குறை ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்புகிறார்.

இவ்வளவில் நின்றால் இழப்பு நேரமும் உழைப்புமே. ஆனால், "பீஸ் போய்விட்டது, ஆகவே எங்கும் மின்சாரம் இல்லை" என்று வீட்டிலுள்ள ஒருவர் முடிவு செய்து, வாசலில் அறுந்து கிடக்கும் கம்பியை ஒதுக்க முற்பட்டால், இழப்பது உயிராக இருக்கும். ஓர் உறுப்பின் பெயரை முழுமைக்கும், முழுமையின் பெயரை உறுப்புக்கும் வழங்குவது மொழியின் இயல்பு. அவ்வியல்பு மின்சாரத்தோடு சேரும் இடத்தில் எத்துணைக் கவனம் வேண்டும் என்பதை, உருகி என்னும் ஒரு சிறு மின்கருவியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப் பகுதிகளின் நிலை

இச்செய்தி எல்லா ஊர்களுக்கும் பொருந்துமாயினும், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் தமிழக எல்லையோரங்களில் தனிச் சிறப்புடையது. பாலக்காட்டுப் பகுதியின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் சித்தூர் வட்டத்திலும், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் முதலிய எல்லை ஊர்களிலும் தமிழ் பேசுவோர் மிகுதி. இடுக்கி 1972 ஜனவரி 26 அன்று தனி மாவட்டமாயிற்று. அதன் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைப்போருள் தமிழர் பெருந்தொகையினர். குமுளி, போடிமெட்டு, மறையூர் ஆகிய ஊர்களின் வழியே நாள்தோறும் மக்கள் இரு மாநிலங்களுக்கும் இடையே வந்து செல்கின்றனர்.

இம்மலைகள் மின்சாரத்திற்குப் புதியவை அல்ல. திருவிதாங்கூரின் முதல் பெரும் நீர்மின் திட்டமாகிய பள்ளிவாசல், மூணாற்றின் அருகே 1940 இல் இயங்கத் தொடங்கியது. 780 மெகாவாட் திறனுடைய இடுக்கித் திட்டம் 1976 இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. மின்சாரத்தோடு அதன் சொற்களும் வந்தன. அவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே. தமிழர் வாயிலும் மலையாளியர் வாயிலும் அவை வெவ்வேறு வழிகளில் பொருள் விரிந்தன.

எடுத்துக்காட்டாக, "லைன்" என்பது மின்பணியாளருக்கு மின்கம்பித் தடம். தோட்டத் தொழிலாளருக்கோ, வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பும் "லைன்" வீடுகளே. "லைனில் கரண்ட் இல்லை" என்னும் தொடர் அங்கு இருவகையாகவும் பொருள்படலாம். மலையாளத்தில் "ஃப்யூஸ் கெட்டணம்" என்றால், உருகுகம்பியைக் கட்ட வேண்டும் என்பது பொருள். ஏனெனில் தமிழின் "கட்டு" அங்கே "கெட்டு" என வழங்கும். மலையாளம் பழகாத தமிழர் அதனைக் கேட்டால், ஏதோ கெட்டுப்போனதாக எண்ணக்கூடும். ஒரு சொல் செய்யவேண்டிய வேலையைக் குறிக்க, மற்றவர் அதனை நேர்ந்த பழுதாகக் கொள்கிறார்.

1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் எழுத்துத் தொடர்பு கொள்ள வழி செய்தது. எனினும் நள்ளிரவில் வரும் தொலைபேசிச் செய்திக்கு உதவுவது சட்டமன்று. பேசுவோர், கேட்போர் ஆகிய இருவரின் சொல் தெளிவே உதவும்.

உருகியின் அமைப்பு

உருகியின் வேலை எளிது. மின்சுற்றில் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது கம்பிகள் சூடேறும். சூடு மிகுந்தால் அவற்றின் மேலுறை உருகித் தீப்பற்றும். சுற்றின் மற்றெப்பகுதியும் கெடுமுன், வேண்டுமென்றே மெல்லியதாக அமைக்கப்பட்ட ஒரு சிறு பகுதி முதலில் உருகி அறுந்து, மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது. முழுமையைக் காப்பதற்காகவே கெடும் உறுப்பு அது. தாமஸ் எடிசன் தம் மின்வழங்கு முறைக்கென இத்தகைய கருவிக்கு 1890 இல் காப்புரிமை பெற்றார்.

நம் நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது, கம்பியை மாற்றிக் கட்டக்கூடிய பீங்கான் உருகியாகும். மின்பணியாளர் இதனைக் "கிட்காட்" என்றும் கூறுவர். அதன் உறுப்புகள் பின்வருவன:

முதலாவது, அடிக்கட்டை. இது மின்பலகையில் திருகாணியால் பொருத்தப்பட்டு நிலையாக நிற்கும். இதன் ஒரு முனையில் மின்சாரம் வரும் கம்பியும், மறுமுனையில் வீட்டுக்குள் செல்லும் கம்பியும் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே நேரான இணைப்பு இல்லை.

இரண்டாவது, கையால் பிடுங்கி எடுக்கக்கூடிய மேற்கட்டை. மக்கள் இதனையே "பீஸ்கட்டை" என்பர். இதன் இரு புறங்களிலும் உலோகத் தொடுமுனைகள் உண்டு. மேற்கட்டையை அடிக்கட்டையில் செருகும்போது, இத்தொடுமுனைகள் அடிக்கட்டையின் முனைகளோடு பொருந்தும்.

மூன்றாவது, உருகுகம்பி. மேற்கட்டையின் இரு தொடுமுனைகளையும் இணைப்பது இதுவே. பெரும்பாலும் ஈயம் பூசிய மெல்லிய செப்புக்கம்பியாக இருக்கும்.

இம்மூன்றும் சேர்ந்ததே ஓர் உருகி. அவ்வுருகி மின்பலகையின் ஓர் உறுப்பு. மின்பலகை வீட்டு மின்னமைப்பின் ஓர் உறுப்பு. கீழிருந்து மேலாக எண்ணினால், கம்பி, கட்டை, உருகி, பலகை, வீட்டு மின்னமைப்பு என ஐந்து படிகள் ஆகின்றன.

ஒரு சொல், பல பொருள்

இனி மக்கள் வழக்கைக் காண்போம். "கடையில் பத்து ரூபாய்க்குப் பீஸ் வாங்கி வா" என்றால், அது கம்பியைக் குறிக்கிறது. "பணம் கட்டவில்லை, பீசைப் பிடுங்கிவிட்டார்கள்" என்றால், அது மேற்கட்டையைக் குறிக்கிறது. மலையாளத்திலும் மின்கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிப்பதை "ஃப்யூஸ் ஊரி" என்றே சொல்வர். உருவி எடுக்கப்படுவது அங்கும் கட்டையே. "பலகையில் மூன்று பீஸ் இருக்கிறது" என்றால், அடிக்கட்டையும் மேற்கட்டையும் கம்பியும் சேர்ந்த முழுக் கருவியைக் குறிக்கிறது. "தெரு முழுதும் பீஸ் போய்விட்டது" என்றால், மின்வழங்கலே நின்றது என்பது கருத்து.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. விளக்குக்குமிழ் எரியாவிட்டால், "பல்பு பீஸ் போயிற்று" என்கிறோம். இழைவிளக்கில் பெரும்பாலும் போனது உருகியன்று. அதனுள் அறுந்தது ஒளிதரும் மின்னிழை. உருகுகம்பி அறுவது அதன் கடமை. மின்னிழை அறுவது அதன் முடிவு. இரண்டும் மெல்லிய கம்பிகள், இரண்டும் சூட்டால் அறுவன என்னும் ஒப்புமை பற்றி ஒன்றன் பெயர் மற்றொன்றுக்குச் சென்றது.

சில ஆண்டுகளாகப் பல வீடுகளில் பீங்கான் உருகிக்குப் பதிலாகத் தாமே விழும் சிறு மின்முறிப்பான் பொருத்தப்படுகிறது. அதனுள் உருகுகம்பி கிடையாது. பிடுங்கும் கட்டையும் கிடையாது. எனினும் அத்தகைய வீட்டில் இணைப்புத் துண்டிக்கப்பட்டாலும், "பீசைப் பிடுங்கிவிட்டார்கள்" என்றே கூறுகின்றனர். பொருள் மாறிய பின்னும் சொல் நிலைத்து நிற்கிறது.

இலக்கணம் காட்டும் வழி

இவ்வழக்குகளைப் பிழை என்று தள்ளுதல் முறையன்று. நம் இலக்கண நூலார் இவற்றை முன்பே அறிந்து வகுத்துள்ளனர். முழுமையை முதல் என்றும், உறுப்பைச் சினை என்றும் அவர்கள் கூறினர். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருவது சினையாகுபெயர். "வெற்றிலை நட்டான்" என்னுமிடத்து, இலையின் பெயர் கொடிக்கு ஆயிற்று. முழுமையின் பெயர் உறுப்புக்கு ஆகிவருவது பொருளாகுபெயர். அதனை முதலாகுபெயர் என்றும் கூறுவர். தாமரை போன்ற முகம் என்னுமிடத்துக் கொடியின் பெயர் மலருக்கு ஆயிற்று. "பீஸ் வாங்கி வா" என்பது முதலாகுபெயர். "தெருவில் பீஸ் போயிற்று" என்பது சினையாகுபெயரின் பாற்படும்.

தொல்காப்பியம் இன்னும் நுட்பமான ஒன்றைக் கூறுகிறது. முதல், சினை என்பன பொருள்களில் நிலையாக வேறுபட்டு நிற்பவை அல்ல. சொல்லுவோனது குறிப்பினால் அமைவன என்பது அதன் வேற்றுமை மயங்கியலில் காணும் கருத்து. நாம் எடுத்துக்கொண்ட கருவிக்கு இது முற்றும் பொருந்துகிறது. மேற்கட்டை, முழு உருகியை நோக்கச் சினை. தன்மேல் கட்டிய கம்பியை நோக்க முதல். எனவே "கட்டை உறுப்பா, முழுமையா?" என்று கேட்பது பயனற்ற வினா. "எதனை நோக்க?" என்பதே பயனுள்ள வினா.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பொருளோடு பிரியாது நிற்பது தற்கிழமை. அது பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐவகைப்படும். மின்கருவியில் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். கம்பியின் தடிப்பு என்பது பண்பு. உருகியின் கட்டை என்பது உறுப்பு. இழைகளின் முறுக்கு என்பது ஒன்றன் கூட்டம். பலவகைக் கருவிகளின் தொகுதி என்பது பலவின் ஈட்டம். செம்பின் கம்பி என்பது, செம்பு திரிந்து கம்பியானமையால், திரிபின் ஆக்கம்.

பிறிதின்கிழமையோ உடைமை முதலியவற்றைக் குறிப்பது. "வாரியத்தின் உருகி" என்னும்போது, வாரியத்தின் உறுப்பாகிய உருகி என்பது பொருளன்று; வாரியத்திற்கு உரிமையான உருகி என்பதே பொருள். களப்பணியில் இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. மின்னளவிக்கு முன்னுள்ள உருகி மின்வழங்குவோருக்கு உரியது. அதனை வீட்டுக்காரர் தொடலாகாது. மின்னளவிக்குப் பின்னுள்ள உருகி வீட்டு மின்னமைப்பைச் சேர்ந்தது. அதனைப் பேணுதல் வீட்டுக்காரரின் பொறுப்பு. "வீட்டின் பீஸ்" என்னும் ஒரே தொடர் இரண்டையும் குறிக்க இடந்தருகிறது. உறுப்பு வேறு, உரிமை வேறு என்று உணர்ந்தால் இம்மயக்கம் நீங்கும்.

சொல்வலை என்னும் புதுமுயற்சி

பழைய இலக்கணம் கண்ட இவ்வுறவுகள் இன்று கணிப்பொறிக்கும் தேவையாகின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியலறிஞர் தலைமையில் 1985 இல் சொல்வலை ஒன்று தொடங்கப்பெற்றது. அகராதியில் சொற்கள் அகரவரிசையில் நிற்கும். சொல்வலையில் அவை பொருளுறவால் பிணைந்து நிற்கும். உறுப்பு, முழுமை உறவை அது மூன்றாக வகுக்கிறது: கருவிக்கு உறுப்பாதல், கூட்டத்தில் ஓர் உறுப்பினராதல், ஒன்று ஆக்கப்பட்ட மூலப்பொருளாதல். நன்னூல் கூறும் உறுப்பு, கூட்டமும் ஈட்டமும், திரிபின் ஆக்கம் ஆகியவற்றோடு இவை பெரிதும் ஒத்திருத்தலைக் காண்க.

இந்தியாவில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திச் சொல்வலை முதலில் உருவாயிற்று. அதனை அடியாகக் கொண்டு பிற இந்திய மொழிகளுக்கும் சொல்வலைகள் பின்னப்பட்டன. தமிழ்ச் சொல்வலைப் பணியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஈடுபட்டது, பேராசிரியர் ச. இராசேந்திரன் இத்துறையில் நெடுநாள் உழைத்தவர். மலையாளச் சொல்வலைப் பணி கோயம்புத்தூர் எட்டிமடையிலுள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. எட்டிமடை, வாளையாற்று எல்லைக்கு மிக அருகில் உள்ள ஊர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மொழிபெயர்க்கும் பொறிக்கு "பீஸ் கட்டு" என்னும் தொடர் வந்தால், கட்டப்படுவது கம்பியே, கட்டையன்று என்று அது அறிந்தாக வேண்டும். கம்பி கட்டையின் உறுப்பு, கட்டை உருகியின் உறுப்பு என்னும் உறவுகள் சொல்வலையில் இருந்தாலன்றி அதற்கு அது தெரியாது. மனிதன் சூழலால் ஊகித்தறிவதைப் பொறிக்கு எழுதிவைக்க வேண்டியுள்ளது. புதிதாகப் பணியில் சேர்ந்த பிறமொழிப் பணியாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

உறுப்பு வேறு, வகை வேறு

மாணவர் அடிக்கடி மயங்கும் ஓரிடம் உண்டு. உறுப்பு என்னும் உறவையும் வகை என்னும் உறவையும் அவர்கள் ஒன்றாகக் கொள்கின்றனர். "உருகுகம்பி ஒரு வகை உருகி" என்று எழுதும் மாணவர் பலர். கம்பி உருகியின் வகையன்று; உறுப்பு. பீங்கான் உருகி, கண்ணாடிக் குழாய் உருகி என்பனவே உருகியின் வகைகள். சிறு மின்முறிப்பான் உருகியின் உறுப்புமன்று, வகையுமன்று. உருகியும் மின்முறிப்பானும், மிகை மின்னோட்டத்தைத் தடுக்கும் காப்புக் கருவிகள் என்னும் பேரினத்தின் இரு வகைகளாகும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. "இது ஓர் உருகியே" என்று சொல்ல இயன்றால் அது வகை. "இது உருகியில் இருக்கிறது" என்று மட்டுமே சொல்ல இயன்றால் அது உறுப்பு.

உறுப்புறவு படிப்படியாக மேலேறும்போதும் கவனம் வேண்டும். கைப்பிடி கதவின் உறுப்பு. கதவு வீட்டின் உறுப்பு. எனினும் கைப்பிடியை வீட்டின் உறுப்பு என்று நாம் சொல்வதில்லை. மின்னமைப்பில் இது மற்றொரு வடிவில் வரும். உருகுகம்பி அறுந்தால் அதனைச் சார்ந்த சுற்று நிற்கும் என்பது உண்மை. சுற்று நின்றதனாலேயே உருகுகம்பிதான் அறுந்தது என்று கொள்வது தவறு. தொடுமுனை தளர்ந்திருக்கலாம், திருகு கழன்றிருக்கலாம், வெளியே மின்வழங்கலே நின்றிருக்கலாம். உறுப்பின் கேட்டிலிருந்து முழுமையின் நிலையை அறியலாம். முழுமையின் நிலையிலிருந்து எவ்வுறுப்புக் கெட்டது என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

சொல் மயக்கத்தால் வரும் தீங்குகள்

முதல் தீங்கு, கம்பியின் பண்பை மறப்பது. "பீஸ் போட்டாயிற்று" என்பவர், கட்டையைச் செருகினால் போதும், அதில் எக்கம்பி இருந்தாலும் ஒன்றே என்று எண்ணுகிறார். 1880-களில் வில்லியம் பிரீஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் பொறியாளர் ஒரு விதியைக் கண்டார். கம்பி உருகத் தேவையான மின்னோட்டம் அதன் விட்டத்தின் ஒன்றரை மடிப்பெருக்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. விட்டம் இருமடங்கானால் உருகு மின்னோட்டம் ஏறக்குறைய 2.8 மடங்காகும் என்பது அதன் பொருள். திறந்த காற்றிலுள்ள செப்புக்கம்பிக்கு அவ்விதிப்படி கணக்கிட்டால், 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி ஏறக்குறைய 7 ஆம்பியரிலும், 0.5 மில்லிமீட்டர் கம்பி 28 ஆம்பியரிலும், 1 மில்லிமீட்டர் கம்பி 80 ஆம்பியரிலும் உருகும். இவற்றுள் முதலிரண்டும் முறையே 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருகிகளுக்கு உரியவை.

வீட்டின் விளக்குச் சுற்றில் இடப்படும் கம்பி ஏறக்குறைய 10 முதல் 15 ஆம்பியர் வரையே நெடுநேரம் தாங்கவல்லது. அறுந்த உருகுகம்பிக்கு மாற்றாக 1 மில்லிமீட்டர் செப்புக்கம்பியைக் கட்டினால், 80 ஆம்பியர் பாயும்வரை அது உருகாது. அதற்கு நெடுமுன்பே சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறை எரியத் தொடங்கிவிடும். கட்டுக்கம்பியையோ, ஆணியையோ செருகினாலும் இதே கேடு. அங்கே கட்டை இருக்கிறது. பலகையில் உருகி இருப்பதுபோல் தோன்றுகிறது. உருகியின் வேலை மட்டும் இல்லை. உண்மையில், அவ்வீட்டில் மிக மெல்லிய உறுப்பு எதுவோ அதுவே உருகியாகிவிட்டது. அது தலைமாட்டிலுள்ள சுவருக்குள் இருக்கலாம்.

இரண்டாம் தீங்கு, கட்டையைப் பிடுங்கியதை முழுமையும் உயிரற்றதாகக் கொள்வது. "பீசைப் பிடுங்கியாயிற்று" என்றவுடன் அடிக்கட்டையைத் தொடுவோர் உண்டு. பிடுங்கப்பட்டது மேற்கட்டை மட்டுமே. அடிக்கட்டையில் மின்சாரம் வரும் முனை அப்போதும் உயிருடனேயே இருக்கும். மேலும், உருகியை மின்னேற்றமுள்ள கம்பியில்தான் அமைக்க வேண்டும். நிலத்தோடு இணைந்த நடுநிலைக் கம்பியில் அமைத்தலை நம் நாட்டு மின்விதிகள் நீண்டகாலமாகத் தடுத்துள்ளன. தவறாக நடுநிலைக் கம்பியில் அமைக்கப்பட்ட உருகி அறுந்தால், விளக்கு அணையும். ஆனால் விளக்கின் முனைகளில் மின்னழுத்தம் நிற்கும். வெளிச்சம் இல்லாமை மின்சாரம் இல்லாமைக்குச் சான்றாகாது.

மூன்றாம் தீங்கு, உருகி மனிதரையும் காக்கும் என்னும் நம்பிக்கை. உருகி காப்பது மின்னமைப்பை. 5 ஆம்பியர் என்பது 5000 மில்லி ஆம்பியர். மனித உடலில் சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே ஒருவர் மின்னதிர்ச்சியில் சிக்கியபோது உருகி அறுந்து காக்கும் என்று எதிர்பார்த்தல் வீண். அதற்கென அமைந்தது மின்கசிவு முறிப்பான். வீடுகளுக்கானது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும். "பீஸ் இருக்கிறது, பயமில்லை" என்னும் சொல்லில் எதற்குப் பயமில்லை என்பது தெளிவாதல் வேண்டும்.

களப்பணியாளருக்கு இரு வினாக்கள்

பழுதுச் செய்தியைப் பெறுவோர் இரண்டு வினாக்களைத் தவறாது கேட்பாராயின் பெரும்பாலான மயக்கம் தீரும்.

முதல் வினா மேல்நோக்கியது: "எதனது உருகி?" வீட்டுப் பலகையினதா, மின்னளவிக்கு முன்னுள்ளதா, மின்மாற்றியினதா? அண்டை வீட்டில் விளக்கு எரிகிறதா என்னும் துணைவினா இதற்குப் பெரிதும் உதவும். மூன்று முனை இணைப்புள்ள வீட்டில் ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால், ஒரு முனையின் உருகியோ அதன் வழியோ பழுதுற்றிருக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் வினா கீழ்நோக்கியது: "உருகியில் எது?" கம்பி அறுந்ததா, கட்டை உடைந்ததா, தொடுமுனை கருகியதா? கம்பியாயின் உரிய தடிப்புள்ள கம்பி வேண்டும்; கட்டையாயின் புதுக்கட்டை வேண்டும்; தொடுமுனையாயின் முழுக் கருவியையே மாற்ற நேரிடும். இவ்வினாவிற்கு விடை காண வீட்டுக்காரர் தாமே கட்டையைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்பதையும் உடன் எச்சரித்தல் வேண்டும். கண்டது இருந்தால் சொல்லட்டும், காணாதது பணியாளர் வந்து காணட்டும்.

மூன்றாவதாக ஒன்றைக் கேளாமலே சொல்லிவிடுவது நன்று: "அறுந்து கிடக்கும் எக்கம்பியையும் தொடாதீர்கள்." நிலைக்கம்பி எனினும், மின்கம்பி எனினும், பேச்சில் எல்லாம் "கம்பி"யே. தமிழிலும் மலையாளத்திலும் இச்சொல் ஒன்றே ஆகையால், இவ்வெச்சரிக்கையை எல்லை இருபுறத்தாரும் ஐயமின்றி உணர்வர்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பாடத்தை இரு துறைகளுக்கும் பொதுவாக நடத்தலாம். இணைப்பு எதுவுமின்றித் தனியே வாங்கிய ஒரு பீங்கான் உருகியை மேசைமேல் வைத்து, மாணவர் ஒவ்வொருவரையும் ஓர் உறுப்பை எடுத்துப் பெயர் கூறச் செய்க. வீட்டில் வழங்கும் பெயரை முதலில் கூறட்டும். பின்னர் நூற்பெயரைக் கூறட்டும். தமிழ் மாணவரும் மலையாள மாணவரும் சேர்ந்து பயிலும் இடங்களில், இரு மொழிப் பெயர்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுக. நூல்களில் உருகி, மின்னுருகி, மின்னுருகு இழை எனப் பல சொற்கள் காணப்படுகின்றன. எச்சொல்லை ஏற்பினும், முழுமைக்கு ஒன்றும் கம்பிக்கு மற்றொன்றும் என நிலைநிறுத்தி, பாடம் முழுதும் மாற்றாது வழங்குதல் வேண்டும்.

பின்னர், உலர்மின்கலங்கள் இரண்டையும் பாத்திரம் தேய்க்கும் எஃகு நார் ஒன்றின் ஓர் இழையையும் கொண்டு, ஓட்டின்மேல் வைத்து, இழை சிவந்து அறுவதைக் காட்டலாம். ஆசிரியரே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு ஒருபோதும் செய்யலாகாது. இழை அறுந்தபின், "இப்போது கெட்டது எது? காக்கப்பட்டது எது?" என்று வினவுக. இலக்கண வகுப்பில் முதல், சினை என்று கற்றதும், அறிவியல் வகுப்பில் கருவி, உறுப்பு என்று கற்றதும் ஒன்றையே என்று மாணவர் அப்போது உணர்வர்.

மக்கள் பேச்சில் "பீஸ்" என்னும் சொல் தன் விருப்பம்போல் மேலும் கீழும் ஏறி இறங்கட்டும். அதனைத் தடுத்தல் நமக்கு வேண்டுவதன்று, இயல்வதுமன்று. ஆயினும் ஏணிமேல் நிற்பவனுக்குக் கீழிருந்து கட்டளை கூறும்போதும், பழுதுச் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதும்போதும், மாணவனுக்கு வரைபடம் வரைந்து காட்டும்போதும், எந்தப் படியைக் கூறுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுதல் நம் கடமை. "எதனது?" என்று ஒருமுறை கேட்பதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.